யாரிடம் சொல்வது? தொற்றுநோயும் தகவல் கடமையும்

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்ட ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. ரத்தத்தைச் சரியாகப் பரிசோதிக்காதவர்கள் மீது மக்கள் கோபம் திரும்பியது. அது நியாயமான கோபம். ஆனால் அந்தச் சம்பவத்தின் மறுபாதியை நாம் சீக்கிரமே மறந்துவிட்டோம். ரத்தம் கொடுத்த இளைஞர் வெளிநாட்டு வேலைக்காகத் தனியார் ஆய்வகத்தில் பரிசோதனை செய்துகொண்டபோதுதான் தனக்குத் தொற்று இருப்பதை அறிந்தார். அறிந்ததும் தானாகவே ரத்த வங்கிக்கு வந்து தகவல் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றியாகிவிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் அவர் விஷம் குடித்து இறந்துபோனார். 2016-லும் அவர் ரத்ததானம் செய்திருந்தார் என்றும், அப்போதே தொற்று கண்டறியப்பட்டும் அவரிடம் யாரும் சொல்லவில்லை என்றும் அந்நாட்களில் செய்திகள் வந்தன.

இதில் சொல்ல வேண்டியதை உரிய இடத்தில் போய்ச் சொன்னவர் அந்த இளைஞர் ஒருவர்தான். அவரை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. சட்டப் புத்தகங்களும் விதிமுறைகளும் சுற்றறிக்கைகளும் வைத்திருந்த அமைப்போ இரண்டு வருடம் வாயைத் திறக்கவில்லை.

தொற்றுநோய்ச் சட்டங்களில் தகவல் மூன்று திசைகளில் போகிறது. மருத்துவரிடமிருந்து அரசுக்கு, அரசிடமிருந்து ஊருக்கு, இந்த இரண்டுக்கும் நடுவே, தொற்றுக்கு ஆளாகியிருக்கக்கூடிய அந்த ஒரு மனிதருக்கு. முதல் பாதை நூறு ஆண்டுக்கு மேலாகத் தார் போட்டு அகலப்படுத்தப்பட்டது. இரண்டாவது பாதை கொள்ளைநோய்க் காலத்தில் அரசுகளுக்கு மிகவும் பிடித்துப்போகும். மூன்றாவது மட்டும் இன்னும் ஒற்றையடிப் பாதைதான். அதைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

அரசுக்குச் சொல்லும் கடமையின் நவீன வடிவம் இங்கிலாந்தின் 1889-ஆம் ஆண்டுத் தொற்றுநோய் அறிவிப்புச் சட்டத்தில் தொடங்குகிறது. பெரியம்மை, காலரா, தொண்டை அடைப்பான், டைபாய்டு போன்றவை கண்ணில் பட்டால் குடும்பத் தலைவரும் மருத்துவரும் சுகாதார அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். தனியார் மருத்துவருக்கு ஓர் அறிவிப்புக்கு இரண்டரை ஷில்லிங் கட்டணம்கூட உண்டு. தவறினால் அபராதம். பக்கத்து வீட்டுக்காரருக்கோ, நோயாளியோடு ஒரே அறையில் படுத்தவருக்கோ யார் சொல்ல வேண்டும் என்பதில் அந்தச் சட்டத்துக்கு அக்கறை இல்லை.

எட்டு ஆண்டு கழித்து, பம்பாயில் பிளேக் பரவியபோது அவசர அவசரமாக எழுதப்பட்டது இந்தியாவின் 1897-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டம். நான்கே பிரிவுகள். அரசு விரும்பிய நடவடிக்கையை எடுக்கலாம், ரயில் பயணிகளைச் சோதிக்கலாம், தொற்று இருக்குமோ என்று அதிகாரி சந்தேகித்தவரைப் பிரித்து அடைக்கலாம், கீழ்ப்படியாதவரைத் தண்டிக்கலாம். கடைசிப் பிரிவு அதிகாரிகளைப் பாதுகாக்கிறது. தொற்றுக்கு ஆளானவரிடம் ஒரு வார்த்தை சொல்லும் கடமை அதில் எவருக்கும் வைக்கப்படவில்லை. புனேயில் வீடு வீடாகப் புகுந்து நடத்திய சோதனைகளின் விளைவாகப் பிளேக் அதிகாரி ராண்ட் அதே ஆண்டு ஜூனில் சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டார். கோவிட் வந்தபோது நம் கையில் இருந்ததும் இதே சட்டம்தான். 2020-இல் அதற்குச் செய்த திருத்தத்தின் மையம் மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்கான தண்டனை. தேவையான திருத்தம்தான். ஆனால் நாம் பேசும் குறை அப்படியே இருந்தது.

சென்னை மாகாணம் 1939-இல் தனக்கென ஒரு பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் இத்தகைய முழுமையான சட்டங்களில் முன்னோடி அது. இன்றும் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. தொற்றுநோயைக் கண்ட மருத்துவர் தாமதமில்லாமல் சுகாதார அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் போவது அதன் பிறகு சுகாதார ஆய்வாளரின் வேலையாக வளர்ந்தது. அந்த வேலையை நம்மூர் ஆய்வாளர்களும் கிராம சுகாதார செவிலியர்களும் நன்றாகவே செய்துவந்திருக்கிறார்கள். ஆனால் அது துறையின் பழக்கம். தனக்குத் தகவல் வரவில்லை என்று ஒருவர் கேட்டுப் பெறக்கூடிய உரிமையாக அது எங்கும் எழுதப்படவில்லை.

தனி மனிதருக்குச் சொல்லும் வழக்கம் உண்மையில் பால்வினை நோய்களிலிருந்து வந்தது. 1930-களில் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி தாமஸ் பாரன் சிபிலிஸுக்கு எதிராக நடத்திய இயக்கத்தில், நோயாளியின் துணைகளைக் கண்டுபிடித்துச் சிகிச்சைக்கு அழைப்பது ஒரு முறையான வேலையாகவே ஆனது. அங்கே பின்னர் உறுதியான விதி இது: தொற்றுக்கு ஆளாகியிருக்கலாம் என்று சொல்வார்கள், யாரிடமிருந்து என்று சொல்ல மாட்டார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் வேறு வழியில் போனது. 1942-இல் வந்த 33பி விதிப்படி, இரண்டு நோயாளிகள் ஒருவரது பெயரைச் சொல்லிவிட்டால் போதும், அவரைப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் கட்டாயப்படுத்தலாம். அப்படிப் பெயர் சொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எச்சரிக்கத் தொடங்கியது ஆள்பிடிப்பாக முடிந்தது. எந்த நாட்டிலும் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் அதிகமில்லை.

இந்தியாவில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்தின் வாசலுக்குப் போனதற்கும் ரத்ததானமே காரணம், அதுவும் சென்னையில். நாகாலாந்திலிருந்து உறவினர் ஒருவரின் சிகிச்சைக்காக வந்த மருத்துவர் 1995-இல் இங்கே ரத்தம் கொடுத்தார். அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. தகவல் கசிந்து, நிச்சயமான திருமணம் நின்றது. ஊரில் இருக்க முடியாமல் அவர் வெளியேற நேர்ந்தது. மருத்துவமனை ரகசியத்தைக் காக்கவில்லை என்று அவர் தொடுத்த வழக்கே ‘மிஸ்டர் எக்ஸ் எதிர் ஹாஸ்பிட்டல் இசட்’. அந்தரங்க உரிமை முழுமையானதல்ல, மணக்கப் போகும் பெண்ணின் உயிர்வாழும் உரிமையில் நோயைப் பற்றி அறியும் உரிமையும் அடக்கம் என்று 1998 செப்டம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை சரி. ஆனால் அதோடு நிற்காமல், நோய் குணமாகும்வரை அவருக்குத் திருமண உரிமையே நிறுத்திவைக்கப்பட்டது போலத்தான் என்றும் எழுதிவிட்டது. அந்த வரிகள் தேவையில்லாதவை என்று 2002 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு விலக்கிவைத்தது. இதற்கிடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குத் திருமணம் செய்துகொள்ளும் உரிமை இல்லை என்றே பலர் நம்பியிருந்தார்கள்.

இந்த அனுபவத்தின் மேல்தான் 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் எழுதப்பட்டது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் ஒன்பதாம் பிரிவை, இந்தியச் சட்டங்களில் தொற்றுக்கு ஆளானவருக்குத் தகவல் சொல்வது பற்றி மிக அக்கறையோடு எழுதப்பட்ட பகுதி என்று சொல்வேன். துணைக்குச் சொல்லும் அதிகாரம் மருத்துவருக்கும் ஆற்றுப்படுத்துநருக்கும் மட்டுமே. அவர்களும் உடனே சொல்லிவிட முடியாது. துணைக்குக் கணிசமான ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்ப வேண்டும்; தொற்றுள்ளவரே சொல்லும்படி முதலில் ஆலோசனை தர வேண்டும்; அவர் சொல்லப் போவதில்லை என்று உறுதிப்பட வேண்டும்; ‘நான் சொல்லப் போகிறேன்’ என்று அவரிடமே முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். பிறகும் துணையை நேரில் அழைத்து, ஆற்றுப்படுத்திய பின்புதான் சொல்லலாம்.

அடுத்து வரும் விதிவிலக்கு இன்னும் முக்கியமானது. தொற்றுள்ளவர் பெண் என்றால், சொல்வதால் அவருக்கோ குழந்தைகளுக்கோ நெருங்கிய உறவினருக்கோ வன்முறை, கைவிடப்படுதல் போன்றவை நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் துணையிடம் சொல்லக் கூடாது. இந்த விதிவிலக்கின் தேவையை, எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையங்களில் வேலை செய்த எவரும் சொல்வார்கள். கர்ப்பகாலப் பரிசோதனையில் முதலில் தெரியவருவது மனைவியின் தொற்றுதான். கணவனுக்கு அப்போது பரிசோதனையே நடந்திருக்காது. ‘நீதான் வீட்டுக்குக் கொண்டுவந்தாய்’ என்ற பழி அவள் தலையில் விழும். அவளுக்கு அது கணவனிடமிருந்தே வந்திருந்தாலும்.

பெயர் சொல்லாமல் எச்சரிக்கும் அமெரிக்க முறை இங்கே ஏன் செல்லுபடியாகாது என்பதும் இதில் விளங்கும். ஒரே துணையோடு வாழும் ஒருவரிடம் ‘உங்களுக்குத் தொற்று வந்திருக்கலாம்’ என்றாலே பெயரைச் சொன்னதாகிவிடும். அதனால்தான் நம் சட்டம் ரகசியத்தைப் பெயரில் தேடாமல் நடைமுறையில் தேடுகிறது.

ஆனால் குறையும் இதே பிரிவில் இருக்கிறது. மருத்துவர் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். எது செய்தாலும் அவர் மீது வழக்கில்லை. துணையைத் தேடிக் கண்டுபிடிக்கும் கடமையும் அவருக்கு இல்லை. சொல்வதா வேண்டாமா என்பது கடைசியில் ஓர் ஆற்றுப்படுத்துநரின் துணிவையும் நேரத்தையும் பொறுத்ததாகிறது. ஒப்பந்தச் சம்பளத்தில் இருக்கும் ஒருவரிடம் இவ்வளவு கனமான முடிவை விட்டுவிட்டோம். விருப்பமாக வைத்ததில் எனக்கு மறுப்பில்லை. கட்டாயம் என்றால் பரிசோதனைக்கே ஆள் வராது. ஆனால் சொல்லாமல் விட முடிவெடுத்தால் அதற்கான காரணத்தை எழுதிவைக்க வேண்டும் என்றாவது சட்டம் கேட்டிருக்கலாம்.

சிங்கப்பூர் இதில் கடுமையான வழியில் நெடுங்காலம் நடந்தது. அங்கே தொற்றுள்ளவர் உடலுறவுக்கு முன் துணையிடம் ஆபத்தைச் சொல்லாவிட்டால் அது குற்றம். 2019 ஜனவரியில், எச்.ஐ.வி. பதிவேட்டிலிருந்த 14,200 பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்ததை அந்நாட்டு அரசு ஒப்புக்கொண்டது. அரசை நம்பி அறிவித்தவர்கள் இந்தக் கசிவால் தெருவுக்கு வந்தார்கள். பிறகு 2024-இல் அந்தச் சட்டம் தளர்த்தப்பட்டது: தொடர்ந்து மருந்து எடுத்து, கிருமி அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்துவிட்டவர் இனிச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. அந்த நிலையில் உள்ளவரிடமிருந்து உடலுறவு வழியே தொற்று பரவாது என்று மருத்துவம் நிறுவிய பிறகு சட்டம் அதைப் பின்தொடர்ந்தது. இந்தியச் சட்டம் ‘கணிசமான ஆபத்து’ என்று எழுதியிருப்பதால் இங்கே இதற்குத் தனித் திருத்தம் தேவைப்படாது. சட்ட வரைவாளர்களுக்கு ஒரு சபாஷ்.

இந்த விவாதங்களில் அடிக்கடி தொலைந்துபோகும் ஒரு விஷயத்தைக் கலிபோர்னியாவின் ஒரு வழக்கு எடுத்துக்காட்டுகிறது. 1985-இல் 12 வயதுச் சிறுமிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. அடுத்த நாளே அது மருத்துவருக்குத் தெரிந்துவிட்டது. சிறுமியிடமும் பெற்றோரிடமும் அவர் சொல்லவே இல்லை. சில ஆண்டுகள் கழித்து அவளைக் காதலித்த இளைஞனுக்கும் தொற்று வந்தது. அவளோ இறந்துபோனாள். அந்த இளைஞன் தொடுத்த வழக்கில், முன்பின் தெரியாத அவனுக்கும் மருத்துவர் கடமைப்பட்டவரே என்று 1995-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தக் கடமையை நிறைவேற்ற அவனைத் தேடிப் போயிருக்க வேண்டியதில்லை. தன் நோயாளியிடம் உண்மையைச் சொல்லி, பிறருக்குப் பரவாமல் பார்த்துக்கொள்ளும்படி எச்சரித்திருந்தாலே போதும்.

சாத்தூர் சம்பவத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2016-லேயே அந்த இளைஞரிடம் சொல்லியிருந்தால் 2018-இல் அவர் ரத்தம் கொடுக்க வந்திருக்க மாட்டார். நம் ரத்ததானப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: பரிசோதனையில் ஏதேனும் தெரியவந்தால் நீங்கள் கொடுத்த முகவரிக்குத் தெரிவிக்கலாமா, ஆமா, இல்லையா? முகாமில் பிஸ்கட் பாக்கெட்டுக்கும் சான்றிதழுக்கும் நடுவே பலரும் படிக்காமலே டிக் அடிக்கும் கேள்வி அது. தொற்றுக்கு ஆளானவர்களுக்குச் சொல்வது பற்றிய எல்லாச் சட்டமும், தொற்றுள்ளவரிடமே முதலில் சொல்வதிலிருந்துதான் தொடங்க முடியும்.

காசநோயில் கதை வேறு. 2012 மே மாதத்தில் அதை அறிவிக்க வேண்டிய நோயாக மத்திய அரசு ஆக்கியது. 2018 மார்ச்சில் தனியார் மருத்துவர், ஆய்வகம், மருந்துக் கடை என அனைவர் மீதும் கடமை விரிந்தது. தவறுவோர் மீது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 269, 270 பிரிவுகள் பாயலாம் என்றும் அரசு சொன்னது. அந்தப் பிரிவுகளே இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 271, 272 என்று இருக்கின்றன. அறிவிப்பு வந்ததும் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்குப் போய்க் குடும்பத்தாரைப் பரிசோதிப்பார், தேவைப்பட்டால் தடுப்பு மருந்து தருவார். இங்கே சொல்வதோடு கையில் மருந்தும் போகிறது. அதனால்தான் இதில் எதிர்ப்பு குறைவு. ஆனால் திருமண வயதில் பெண் இருக்கும் வீடுகளில் இன்றும் தவறான முகவரி தருகிறார்கள். பனியன் கம்பெனியில் பக்கத்துத் தையல் மிஷினில் எட்டு மணி நேரம் உட்காருபவருக்குச் சொல்லும் பொறுப்போ யாருடையது என்றே தெளிவில்லை.

அந்தப் பக்கத்து இருக்கைக்காரர் பற்றித்தான் நம் சட்டம் அதிகம் யோசிக்கவில்லை. குறிப்பாக, அவருடைய வேலையே நோயாளியைத் தொடுவது என்றால். தொற்றுள்ளவருக்குப் போட்ட ஊசி குத்திவிட்டால் எச்.ஐ.வி. தொற்ற வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். மூளைக்காய்ச்சல் கிருமிக்கு 24 மணி நேரத்துக்குள் மருந்து கொடுப்பதே சிறந்தது. தட்டம்மைக்குத் தடுப்பூசி 72 மணி நேரத்துக்குள். ஆக, இங்கே தாமதமாக வரும் தகவல் வராத தகவலேதான்.

அமெரிக்கா இதற்கென்று சட்டம் வைத்திருக்கிறது. 1990-இல் வந்த ரையன் வைட் சட்டத்தில் ஆம்புலன்ஸ் பணியாளர், தீயணைப்பு வீரர், போலீஸ்காரர் போன்றோருக்காக ஒரு பகுதி இருந்தது. 2006-இல் சட்டத்தைப் புதுப்பித்தபோது அது விடுபட்டுப்போனது. 2009-இல் திரும்ப வந்தது. காற்றில் பரவும் தொற்றோடு ஒருவரைக் கொண்டுவந்து சேர்த்திருந்தால், மருத்துவமனையே 48 மணி நேரத்துக்குள் அந்தப் பணியாளர்களின் பொறுப்பு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். ரத்தம் பட்டது போன்ற சம்பவங்களில் அதிகாரி கேட்டால் அதே கால வரம்பில் பதில் தர வேண்டும். நோயின் பெயர் உண்டு, நோயாளியின் பெயர் இல்லை. இதற்காக நோயாளியைப் பரிசோதிக்கும்படி மருத்துவமனையைக் கட்டாயப்படுத்த முடியாது. இதைக் காட்டிப் பணியாளர் எவரும் நோயாளியைத் தூக்க மறுக்கவும் முடியாது. 2020 மார்ச்சில் கோவிட்டும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

ரையன் வைட் இந்தியானா மாநிலத்துச் சிறுவன். ரத்த உறைவுக் குறைபாட்டுக்கு ஏற்றிய மருந்தின் வழியே எச்.ஐ.வி. வந்தது. அது ஊருக்குத் தெரிந்ததும் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். 18 வயதில் இறந்துபோன அவன் பெயரால் வந்த சட்டம், யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவருக்கு மட்டும், தேவையான அளவு மட்டும் சொல்ல ஏற்பாடு செய்தது பொருத்தமே.

நம்மிடம் இதற்கு நிகரானது இல்லை. எச்.ஐ.வி. சட்டம் பணியிடங்களில் பாதுகாப்பு உபகரணமும் தடுப்பு மருந்தும் தரச் சொல்கிறது. நல்லது, ஆனால் அந்த ஒரு நோயோடு முடிந்துவிடுகிறது. 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநர் இறக்கிவிட்டுப் போன நோயாளிக்கு மறுநாள் என்ன நோய் என்று தெரிந்தால், அவரைக் கூப்பிட்டுச் சொல்லும்படி மருத்துவமனையைக் கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் இந்தியாவில் கிடையாது. பிணவறை ஊழியருக்கும், மருத்துவக் கழிவில் கிடந்த ஊசி குத்திய ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கும் இதே நிலைதான். 2018-இல் கோழிக்கோட்டில் நிபா பரவியபோது நோயாளியைப் பார்த்துக்கொண்ட செவிலியர் லினி உயிரிழந்தார். இன்ன நோய் என்று தெரியாமலே செய்த பணி அது. அவருக்குச் சொல்ல அப்போது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்தபின் கேரளம் 2,000-க்கும் மேற்பட்ட தொடர்பாளர்களைத் தேடிப் பிடித்தது. அரசு மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி.

ஊருக்கே சொல்வதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதன் அபத்தங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2015-இல் மெர்ஸ் பரவியபோது தென்கொரிய அரசு மருத்துவமனைகளின் பெயரை மறைத்தது. 186 பேருக்குத் தொற்று, 38 பேர் மரணம். மக்கள் கொதித்த கொதிப்பில், நோயாளி போன வழியை வெளியிட வேண்டும் என்று சட்டம் வந்தது. 2020-இல் அதுவே எதிர்முனைக்குப் போனது. வயது, பாலினம், போன கடை, தங்கிய விடுதி எல்லாம் எல்லோருடைய செல்பேசிக்கும் வந்தன. பெயர் இல்லாவிட்டாலும் ஆள் யார் என்று கண்டுபிடித்துக் கேலி செய்தார்கள். அந்நாட்டு மனித உரிமை ஆணையமே கண்டித்தது. மே மாதம் தலைநகர் சியோலின் இதேவோன் பகுதிக் கேளிக்கை விடுதிகளில் தொற்று பரவியபோது, தன்பாலின ஈர்ப்பாளர் என்று அடையாளம் காட்டப்படுவோமோ என்று பயந்து பலர் முன்வரவில்லை. பெயரில்லாப் பரிசோதனை அறிமுகமான பிறகுதான் கூட்டம் வந்தது.

இங்கே கோவிட் காலத்தில் வீட்டு வாசலில் போஸ்டர் ஒட்டினோம், தெருவைத் தகரம் வைத்து அடைத்தோம். தொற்றுக்கு ஆளாகியிருக்கக்கூடிய பால்காரருக்கும் வீட்டுவேலை செய்பவருக்கும் அந்தப் போஸ்டர் எந்தத் தகவலும் தரவில்லை. பார்த்தவர்கள் பயந்ததுதான் மிச்சம். இப்படி ஒட்டச் சொல்லி விதி எதுவும் இல்லை என்று மத்திய அரசே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் உரிய அதிகாரி குறிப்பாக உத்தரவிட்டால் ஒழிய ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் முதல் அலையே அடங்கிக்கொண்டிருந்தது.

1897 சட்டத்தை முழுமையாக ஆராய்ந்து 22-ஆவது சட்ட ஆணையம் 2024 பிப்ரவரியில் தன் 286-ஆவது அறிக்கையைக் கொடுத்திருக்கிறது. இன்றோ நாளையோ புதிய சட்டம் எழுதப்படும். அதில் தனிமைப்படுத்தும் அதிகாரத்துக்கும் அபராதத்துக்கும் பல பக்கங்கள் இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கூடவே ஒரு பிரிவு வேண்டும். பரிசோதனையில் தொற்று தெரிந்தால் அவரிடமே இத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும். அவரால் தொற்றுக்கு ஆளாகியிருக்கக்கூடிய பணியாளருக்கு, பெயரைச் சொல்லாமல், மருந்து பலன்தரும் காலத்துக்குள் சொல்ல வேண்டும். சொல்பவர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். சொன்ன கையோடு இலவசப் பரிசோதனையும் சிகிச்சையும் தர வேண்டும். வாயை விட்டவருக்குத் தண்டனை வேண்டும். எச்.ஐ.வி. சட்டத்தின் ஒன்பதாம் பிரிவில் இதற்கான அடிப்படை ஏற்கெனவே இருக்கிறது. பிற நோய்களுக்கு ஏற்ப அதை விரித்தால் போதும்.

தமிழ்நாடு அதுவரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். 1939 சட்டத்தில் இந்தப் பிரிவைச் சேர்க்கும் அதிகாரம் கோட்டையில் கூடும் நம் சட்டமன்றத்துக்கே இருக்கிறது.